குட்டி வாங்குமுன் தாயின் எக்ஸ்ரேயைக் கேளுங்கள்

புசா ரோட்டை ஒட்டிய தெருக்களில் மாலை வேளையில் நடந்து போகிறவர்கள் கவனித்திருக்கலாம். ஆபீஸ் விட்டு வந்த களைப்பு தீருமுன்பே கையில் வாரைப் பிடித்துக்கொண்டு, நாயை இழுத்தபடியோ நாயால் இழுக்கப்பட்டபடியோ, மாடிப்படி இறங்கி வருகிறவர்களில் நம்மவர்களும் உண்டு. ஒரு தலைமுறைக்கு முன் கரோல் பாக்கில் ஒரே அறையில் குடித்தனம் நடத்திய தமிழ்க் குடும்பங்களுக்கு நாய் வளர்ப்பு நினைத்துப் பார்க்க முடியாத காரியம். ஊரிலிருந்து வரும் தம்பியை நாலு நாள் தங்க வைத்தாலே வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். இப்போது பலருக்குச் சொந்தமாகச் சின்ன ஃபிளாட் இருக்கிறது. குழந்தைகள் கேட்கிறார்கள், அப்பா ஒரு வருஷம் தட்டிக் கழிக்கிறார், பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அட்டைப் பெட்டியில் குட்டி வந்து சேருகிறது. பெரும்பாலும் அது லாப்ரடார். இல்லாவிட்டால் நம்மவர்கள் இன்னமும் அல்சேஷன் என்றே சொல்லும் ஜெர்மன் ஷெப்பர்ட்.

வாங்கும்போது என்னென்ன பார்க்கிறார்கள்? கண்ணில் பீளை இல்லையா, ரோமம் பளபளக்கிறதா, பாதம் பெரிதாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். குட்டி விற்பவர் தகப்பன் நாயின் போட்டோவைக் காட்டுகிறார். 'சாம்பியன்' என்கிறார். கோப்பையோடு நிற்கும் நாயைப் பார்த்தபின் பேரம் பேச நாக்கு எழுவதில்லை. சம்பளத்தில் பெரும் பங்கு அங்கேயே போய்விடுகிறது.

பார்க்காமல் விடுவது ஒன்று உண்டு. அந்தத் தாய்க்கும் தகப்பனுக்கும் இடுப்பு எப்படி இருக்கிறது என்பது.

ஆட்டுக்கல்லும் குழவியும்

பெரிய ஜாதி நாய்களை வாட்டும் பரம்பரைக் கோளாறுகளில் முக்கியமானது 'ஹிப் டிஸ்பிளேசியா'. இடுப்பு மூட்டு சரியாக அமையாத கோளாறு என்று வைத்துக்கொள்ளலாம். 1935-ல் ஷ்னெல் என்ற அமெரிக்க மிருக வைத்தியர் இதைப் பற்றி முதலில் எழுதினார்.

ஆட்டுக்கல்லில் மாவு அரைத்துப் பழகிய வீடுகளுக்கு இதை விளக்குவது சுலபம். கல்லின் குழியில் குழவி அழுந்த உட்கார்ந்து சுழன்றால் மாவு நன்றாக அரைபடும், கல்லும் தேயாது. குழி ஆழமில்லாமலோ குழவி அதில் பொருந்தாமலோ இருந்தால் சுற்றும்போதெல்லாம் குழவி ஆடும், இடிக்கும், விளிம்பு உதிரும். நாயின் இடுப்பெலும்பில் ஒரு குழி இருக்கிறது. தொடை எலும்பின் உருண்டைத் தலை அதில் உட்கார வேண்டும். இந்தக் கோளாறு உள்ள நாய்க்கு மூட்டைச் சுற்றியுள்ள கட்டு தளர்ந்திருக்கும். உருண்டைத் தலை குழியில் முழுதாகப் பதியாமல் ஒவ்வொரு அடிக்கும் விலகி விலகிச் சேரும். அப்படியே ஆடி ஆடிக் குருத்தெலும்பு தேய்கிறது, குழியின் விளிம்பு மழுங்குகிறது, பிறகு மூட்டு வாதம் வந்து நிலைத்துவிடுகிறது.

பிறந்த அன்று இந்தக் கோளாறு தெரியாது என்பதுதான் வாங்குகிறவர்களுக்குச் சங்கடம். குட்டி பிறக்கும்போது அதன் மூட்டு சரியாகவே இருக்கும். தளர்ச்சி அடுத்த சில வாரங்களில் தொடங்கும். ஐந்து, ஆறு மாதம் ஆன பிறகுதான் சில குட்டிகள் காட்டிக்கொடுக்கின்றன. ஓடும்போது பின்னங்கால் இரண்டையும் ஒன்றாகத் தூக்கி வைத்து முயல் போலத் தாவும். படுத்த இடத்திலிருந்து எழ யோசிக்கும். மாடிப்படியின் அடியில் நின்று எஜமானரை அண்ணாந்து பார்க்கும். வேறு சில நாய்கள் நாலைந்து வயதுவரை ஒன்றும் காட்டாமல் இருந்து, பிறகு ஒரு டில்லிக் குளிர்காலத்தில் எழ முடியாமல் படுத்துவிடும்.

லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் முப்பது கிலோ லாப்ரடார் படுத்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். காலையும் மாலையும் இருவர் சேர்ந்து துப்பட்டியில் கிடத்தித் தூக்கி இறக்க வேண்டும். வலிக்கு மருந்து, எடையைக் குறைப்பது, சில நாய்களுக்கு அறுவை சிகிச்சை. தொடை எலும்பின் தலையையே வெட்டி எடுப்பது ஒரு வழி. மனிதர்களுக்குச் செய்வது போலச் செயற்கை மூட்டு வைப்பது இன்னொரு வழி. இரண்டாவது சாதாரணக் குடும்பத்தின் கைக்கு எட்டும் செலவல்ல. இங்கே ஓர் எச்சரிக்கை: வீட்டு அலமாரியில் இருக்கிறதே என்று மனிதர் சாப்பிடும் வலி மாத்திரையை நாய்க்குக் கொடுத்துவிடக் கூடாது. தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் நாம் சர்வசாதாரணமாக விழுங்கும் பாரசெட்டமால், ஐபுபுரூஃபன் இரண்டுமே நாயின் உடம்பில் விஷமாகக்கூடும்.

எச்சில் பஞ்சு சொல்லுமா?

சரி, இது பரம்பரைக் கோளாறு என்றால், இந்தக் காலத்தில் ஜீன் பரிசோதனை செய்து முதலிலேயே கண்டுபிடித்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. நாயின் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்து அனுப்பினால் போதும், இத்தனை நோய்களுக்குச் சோதித்துச் சொல்கிறோம் என்ற விளம்பரங்களும் வருகின்றன. குட்டி விற்பவர் சிலர் 'டி.என்.ஏ. டெஸ்ட் ஆனது' என்று ஒரு காகிதத்தைக் காட்டவும் செய்யலாம்.

அந்தக் காகிதம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதைத் தெரிந்துகொள்ளப் புசா ரோட்டுக்காரர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. ரோட்டுக்குப் பெயர் கொடுத்த இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்திலேயே விடை இருக்கிறது. அந்த நிலையம் 1905-ல் பீகாரில் புசா என்ற ஊரில் தொடங்கப்பட்டது. 1934-ல் வந்த பூகம்பத்தில் கட்டடம் பாழானதால் 1936-ல் டில்லிக்கு வந்து சேர்ந்தது. பழைய ஊர்ப்பெயரையும் கூடவே கொண்டுவந்துவிட்டது. நம் எம்.எஸ்.சுவாமிநாதன் 1966 முதல் 1972 வரை அதன் டைரக்டராக இருந்ததைப் பழைய டில்லிவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள்.

நாய்க்கும் நெல் வயலுக்கும் என்ன சம்பந்தம்? நல்ல தாய் தந்தையைத் தேர்ந்தெடுத்துக் குறை இல்லாத சந்ததியைக் கொண்டுவருவது இரண்டு இடத்திலும் ஒரே வேலைதான்.

1989-ல் புசா பாஸ்மதி 1 என்ற நெல் ரகத்தை இந்த நிலையம் வெளியிட்டது. குட்டையாக வளர்வது, நல்ல விளைச்சல் தருவது, மணமுள்ளது. ஆனால் பாக்டீரியா இலைக் கருகல் நோய் வந்தால் தாங்காது. அந்த நோயை எதிர்க்கும் ஜீன்கள் வேறு நெல் ரகங்களில் இருப்பது தெரிந்திருந்தது. அவற்றில் ஒன்றின் பெயர் எக்ஸ்ஏ 13. இது ஒரு வெட்கப்படும் ஜீன் என்று சொல்லலாம். தாய்வழி ஒன்று, தகப்பன்வழி ஒன்று என்று இரண்டு பிரதிகளும் சேர்ந்தால்தான் பயிர் நோயை எதிர்க்கும். ஒரே ஒரு பிரதி இருந்தால் உள்ளே ஒளிந்துகொண்டிருக்கும். செடியைக் கண்ணால் பார்த்தோ, நோயை ஏற்றிப் பார்த்தோ கண்டுகொள்ள முடியாது. விஞ்ஞானிகள் என்ன செய்தார்கள்? நாற்றுப் பருவத்திலேயே ஒரு துண்டு இலையைக் கிள்ளி, டி.என்.ஏ.வைப் பிரித்து, அந்த ஜீனின் அடையாளம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இருக்கும் நாற்றை வைத்துக்கொண்டார்கள், மற்றதைக் கழித்தார்கள். எக்ஸ்ஏ 13-உடன் எக்ஸ்ஏ 21 என்ற இன்னொரு ஜீனையும் இப்படியே சேர்த்து, 2007-ல் 'மேம்படுத்திய புசா பாஸ்மதி 1' வெளிவந்தது. டி.என்.ஏ. அடையாளத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து இந்தியாவில் வந்த முதல் நெல் ரகங்களில் அதுவும் ஒன்று. 2021-ல் வந்த புசா பாஸ்மதி 1847, 1885, 1886 ஆகிய ரகங்களில் இலைக் கருகலோடு குலை நோயையும் எதிர்க்கும் ஜீன்களைச் சேர்த்திருக்கிறார்கள்.

நாய்களிலும் இப்படி ஒற்றை ஜீனால் வரும் கோளாறுகள் உண்டு. லாப்ரடாருக்கு வரும் ஒருவகைக் கண் நோய் உதாரணம். விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டு, முதலில் இருட்டில் தடுமாறி, கடைசியில் நாய் குருடாகிவிடும். அதன் ஜீனைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரே பிரதி கொண்ட நாய் நல்ல கண்ணோடு ஆரோக்கியமாக வாழும். ஆனால் அப்படிப்பட்ட இரண்டு நாய்களை இணை சேர்த்தால் குட்டிகளில் சராசரி நாலில் ஒன்று குருடாகும். இந்த இடத்தில் பஞ்சுப் பரிசோதனைக்கு ஈடே கிடையாது. புசாவின் இலைத் துண்டு செய்த வேலையை அது செய்கிறது. இரண்டு பேரில் ஒருவராவது சுத்தமாக இருக்கும்படி ஜோடி சேர்த்தால் அந்த ஈற்றில் ஒரு குட்டிக்கும் கண் போகாது.

இடுப்பு அப்படியல்ல. அதற்கு ஒரே ஜீன் இல்லை. பல ஜீன்கள், ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியும் குறைத்தும் மூட்டின் அமைப்பைத் தீர்மானிக்கின்றன. போதாக்குறைக்குத் தீனியும் எடையும் வளர்ப்பும் வந்து கலந்துகொள்கின்றன. நெல்லிலேயே இதற்குச் சமமான விஷயம் விளைச்சல். ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்பதை ஒரு துண்டு இலையில் ஒரு ஜீனைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் ஒரு புதிய ரகத்தை வெளியிடுமுன் பல இடங்களில், பல பருவங்களில் விதைத்து, அறுத்து, எடைபோட்டுக் கணக்கு எழுதுகிறார்கள். கண் நோய் எக்ஸ்ஏ 13 மாதிரி. இடுப்பு விளைச்சல் மாதிரி. இந்த வித்தியாசம் மனதில் பதிந்துவிட்டால், 'டி.என்.ஏ. டெஸ்ட் ஆனது' என்ற காகிதத்தைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. கண்ணுக்கு அது நல்ல சாட்சி. இடுப்பைப் பற்றி அதை மட்டும் நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுக்க முடியாது.

படம் பிடித்துக் கணக்கு எழுதியவர்கள்

அப்படியானால் இடுப்புக்கு எடைபோடும் தராசு எது? எக்ஸ்ரேதான்.

அமெரிக்காவில் ஜான் ஓலின் என்ற தொழிலதிபர் லாப்ரடார் நாய்களில் பெரும் பிரியம் கொண்டவர். அவர் முயற்சியில் 1966-ல் நாய்களின் எலும்புக் கோளாறுகளுக்கென்றே ஓர் அமைப்பு ஏற்பட்டது. நாய்க்கு இரண்டு வயது நிரம்பிய பின் அதை மல்லாக்கப் படுக்கவைத்து, பின்னங்கால்களை நேராக நீட்டி, எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நாய் அசையாமல் இருக்க மயக்க மருந்து கொடுப்பது வழக்கம். படத்தை நிபுணர்கள் பார்த்து 'மிக நன்று' முதல் 'கடுமை' வரை ஏழு தரங்களில் ஒன்றைக் கொடுக்கிறார்கள். பிரிட்டனில் கணக்கு வேறு மாதிரி. ஒரு பக்க இடுப்புக்கு 0 முதல் 53 வரை, இரண்டு பக்கமும் சேர்த்து 106 வரை மார்க்கு. இந்தப் பரீட்சையில் பூஜ்யம் வாங்குவதுதான் முதல் ரேங்க். பென்சில்வேனியா சர்வகலாசாலையில் கெயில் ஸ்மித் என்பவர் 1980-களில் வகுத்த முறையில், நாலு மாதக் குட்டிக்கே மூட்டு எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று அளந்து சொல்லலாம்.

இதையெல்லாம் செய்து பலன் கண்டவர்கள் யார்? பார்வை இழந்தவர்களுக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்கும் 'சீயிங் ஐ' என்ற நிறுவனத்தைச் சொல்ல வேண்டும். 1929-ல் தொடங்கப்பட்டது, அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் இருக்கிறது. அங்கே இது கோப்பைக்கும் கௌரவத்துக்குமான விஷயமல்ல. மாதக்கணக்கில் பழக்கிய நாய்க்கு மூன்று வயதில் இடுப்பு விட்டுப்போனால் ஒரு மனிதர் வழிகாட்டி இல்லாமல் தெருவில் நிற்பார். ஆகவே அவர்கள் ஒவ்வொரு நாயையும் படம் பிடித்தார்கள். நல்ல இடுப்புள்ள நாயையே இணை சேர்ப்பது என்பதோடு நிற்கவில்லை. அதன் அண்ணன் தம்பி, அக்காள் தங்கை, அத்தை, பெற்ற குட்டிகள் என்று மொத்தக் குடும்பத்தின் எக்ஸ்ரேக்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, இந்த நாய் நல்ல இடுப்பைச் சந்ததிக்குக் கொடுக்கக்கூடியதா என்று மதிப்பிட்டார்கள்.

இது ஏன் அவசியம் என்றால், தன் படத்தில் நல்ல மூட்டைக் காட்டும் நாயே கெட்ட ஜீன்களைச் சுமந்துகொண்டிருக்கலாம். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும்போது பையனை மட்டும் பார்க்காமல் குடும்பத்தையும் விசாரிப்பது நம் ஊர்ப் பாட்டிகளின் வழக்கம். மனிதர்கள் விஷயத்தில் அந்த விசாரணை எத்தனையோ அநியாயத்துக்கு இடம் கொடுத்திருக்கிறது. நாய் விஷயத்தில் அதுதான் சரியான விஞ்ஞானம்.

பலன் 1997-ல் பிரசுரமாயிற்று. ஐந்து தலைமுறைக்குள்ளாகவே ஜெர்மன் ஷெப்பர்ட் நாய்களில் இடுப்புக் கோளாறு 100-க்கு 55 என்ற நிலையிலிருந்து 24-க்கு இறங்கிவிட்டது. லாப்ரடாரில் 30 என்பது 10 ஆயிற்று. ஜீன் பரிசோதனை எதுவும் இல்லாமல், எக்ஸ்ரேயும் கணக்கு நோட்டும் கொண்டு சாதித்தது இது. பிரிட்டனில் கென்னல் கிளப் 2014-ல் இதே மாதிரிக் குடும்ப மதிப்பெண்ணைப் பல இனங்களுக்குப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடத் தொடங்கியது.

ஜீன் பரிசோதனை இனிமேல் இதற்குப் பயன்படவே படாதா? படும். ஒரு ஜீனைப் பார்ப்பதற்குப் பதில் டி.என்.ஏ. முழுவதிலும் பல்லாயிரம் அடையாளங்களைப் படித்து, எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து மதிப்பெண் போடும் முறை வந்திருக்கிறது. அமெரிக்காவில் கறவை மாடுகளுக்கு 2009 முதலே இதை அதிகாரபூர்வமாகச் செய்கிறார்கள். பொலிகாளையின் பெண் கன்று வளர்ந்து பால் கறக்கும்வரை காத்திருக்காமல், இளம் கன்றாக இருக்கும்போதே அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நாயின் இடுப்புக்கும் இந்த வழியில் ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன. ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எந்த அடையாளத்துக்கு எத்தனை மார்க்கு என்று இயந்திரத்துக்கு யார் சொல்லிக்கொடுப்பது? எக்ஸ்ரேயும் எடுத்து, டி.என்.ஏ.வும் படித்த ஏராளமான நாய்களின் பதிவேடுதான் சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்தப் பதிவேடு இல்லாத நாட்டில் எச்சில் பஞ்சு மட்டும் இருந்து பிரயோசனமில்லை. வெளிநாட்டு லாப்ரடார்களை வைத்துப் போட்ட கணக்கு, பல தலைமுறையாக இங்கேயே பெருகிய நாய்களுக்கு அப்படியே பொருந்தும் என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. ஆகவே இந்தியாவில் ஆரம்பிக்க வேண்டிய இடம் எக்ஸ்ரே அறைதான். நாய் வளர்த்து விற்பவர்கள் தாமாக அந்த அறைக்குள் போகமாட்டார்கள். வாங்குகிறவர்கள் கேட்டால் போவார்கள்.

தீனித் தட்டும் மாடிப்படியும்

பரம்பரை ஒரு பங்கு, வளர்ப்பு ஒரு பங்கு என்று சொல்லப்பட்டது. வளர்ப்பில் முதல் குற்றவாளி அன்புதான். நம் வீடுகளில் மிஞ்சிய இட்லி, தயிர்சாதம், பண்டிகை நாளில் நெய் மணக்கும் பொங்கல் எல்லாம் குட்டியின் தட்டுக்குப் போகின்றன. கொழுகொழுவென்று இருந்தால்தான் பார்க்கிறவர்கள் மெச்சுகிறார்கள்.

அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை வைத்து ஒரு நீண்ட பரிசோதனை நடந்தது. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்தார்கள். ஒன்றுக்குத் தாராளத் தீனி. அதன் ஜோடிக்கு அதில் முக்கால் பங்கு. இரண்டு வயதில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது தாராளமாகத் தின்ற 24 நாய்களில் 16-க்கு இடுப்புக் கோளாறு. அளவாகத் தின்ற 24-இல் 7-க்குத்தான். 2002-ல் வெளியான முடிவின்படி, அளவாகத் தின்றவை ஏறக்குறைய இரண்டு வருஷம் அதிகமாகவே உயிர் வாழ்ந்தன. பரம்பரை ஒன்றுதான், தட்டுதான் வேறு. விலா எலும்பு கைக்குத் தட்டுப்படும்படி வளரும் குட்டியைப் பார்த்து 'சாப்பாடே போடுவதில்லையா?' என்று கேட்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு இந்தக் கணக்கைச் சொல்லலாம்.

மாடி வீட்டுக்காரர்களுக்கு நார்வேயிலிருந்து ஒரு சேதி. 2012-ல் வெளியான ஆராய்ச்சியில், பெரிய ஜாதிக் குட்டிகளைப் பிறந்ததிலிருந்து வளர்த்துக் கவனித்தார்கள். மூன்று மாதம் ஆகுமுன் தினமும் மாடிப்படி ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இந்தக் கோளாறு வரும் வாய்ப்பு அதிகம். மேடு பள்ளமான புல்தரையில் வார் இல்லாமல் இஷ்டம்போல ஓடி விளையாடிய குட்டிகளுக்குக் குறைவு. ஆகையால் குட்டியை முதல் சில மாதம் இடுப்பில் தூக்கிக்கொண்டு படி இறங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மூன்றாம் மாடிக்காரர்களுக்குக் கை வலிக்கும்தான்.

நம்மூர் நாய்கள்

இந்தத் தொல்லையே வேண்டாம், நம்மூர் நாயை வளர்க்கலாமே என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். வேட்டைக்கென்றே ஒல்லியாக, நீண்ட காலோடு அமைந்த கிரேஹவுண்டு ஜாதியில் இடுப்புக் கோளாறு மிக அபூர்வம். நம் சிப்பிப்பாறையும் கன்னியும் அதே மாதிரி உடற்கட்டு உள்ளவை. ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால் தலையே வெளியிட்டார்கள். ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் தேசிய கால்நடை மரபுவளப் பதிவேட்டில் இடம்பெற்றுவிட்டன.

ஆனால் அங்கும் பரம்பரை சும்மா இருப்பதில்லை. பால்வெள்ளை நிறமும் ரோஜா நிற மூக்கும்தான் அசல் ராஜபாளையம் என்று, சில குடும்பங்களுக்குள்ளேயே திரும்பத் திரும்ப இணை சேர்த்ததில், பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் பிறப்பது உண்டு. கூப்பிட்டால் வராத குட்டியைத் 'திமிர் பிடித்தது' என்று அடிப்பவர்களும் உண்டு; பாவம், அதற்குக் கேட்டால்தானே! வெள்ளை நிறத்துக்கும் செவிட்டுக்கும் உள்ள இந்த உறவு டால்மேஷன் போன்ற வெளிநாட்டு நாய்களிலும் தெரிந்ததே. மேலும், வெயிலில் வயல் வரப்பில் ஓடப் பிறந்த சிப்பிப்பாறையை ராஜேந்திர நகரில் இரண்டு அறை ஃபிளாட்டில் அடைத்து வைப்பது, குமாஸ்தா வேலைக்கு ஓட்டப் பந்தய வீரனை எடுத்த மாதிரி. மாலையில் ஒரு மணி நேரமாவது ஓடவிட இடமும் நேரமும் இருப்பவர்கள் மட்டும் யோசிக்கலாம்.

என்ன கேட்பது?

2017-ல் மத்திய அரசு நாய் இனப்பெருக்கத்துக்கும் விற்பனைக்கும் விதிகள் வகுத்தது. அதன்படி குட்டி விற்பவர் மாநிலப் பிராணி நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. பதினெட்டு மாதம் நிரம்பாத பெட்டையை இணை சேர்க்கக் கூடாது. ஐந்து வாரக் குட்டியை 'இப்போதே எடுத்துப் போனால்தான் பழகும்' என்று தள்ளிவிடப் பார்க்கிறவரிடம் அந்த ஒரு வார்த்தையிலேயே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்.

சென்னையில் தலைமையகம் உள்ள இந்திய கென்னல் கிளப்பின் வம்சாவளிச் சான்றிதழைப் பலர் பெரிதாகக் காட்டுவார்கள். அது நல்லதுதான். குட்டியின் பாட்டன், முப்பாட்டன் பெயரெல்லாம் அதில் இருக்கும். ஆனால் பாட்டன் படியேறினானா என்பது அதில் இருக்காது.

ஆகவே கேட்க வேண்டியது தாய், தகப்பன் இரண்டின் இடுப்பு எக்ஸ்ரேயையும், அதைப் பார்த்த டாக்டர் எழுதிய அறிக்கையையும். ஒரு வயதுக்கு முன் எடுத்த சாதாரண எக்ஸ்ரே செல்லாது; இரண்டு வயதில் எடுத்ததென்றால் இன்னும் நல்லது. தகப்பன் நாய் வெளியூரில் இருக்கிறது என்பார்கள். இருக்கட்டும், படம் தபாலில் வரும். இந்தக் காலத்தில் போனிலேயே வரும். இதே ஜோடிக்கு இதற்கு முன் பிறந்த ஈற்றுக் குட்டிகள் எங்கே இருக்கின்றன என்று கேட்டு, இரண்டு வீட்டு விலாசம் வாங்கிப் போய்ப் பார்ப்பது எக்ஸ்ரேக்கு நிகரான சோதனை. அங்கே இரண்டு மூன்று வயது நாய் எப்படி எழுந்து வருகிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

'இதையெல்லாம் இந்தியாவில் யார் கேட்கிறார்கள்?' என்று சில விற்பனையாளர்கள் சிரிப்பார்கள். சிரிக்கிறவரிடம் வாங்காதிருப்பது வாங்குகிறவர் கையில்தான் இருக்கிறது. ஏற்கெனவே நாய் வளர்ப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. வீட்டில் இருக்கும் பெட்டைக்கு 'ஒரு தடவையாவது குட்டி போட்டால்தான் நல்லது' என்று யாரோ சொன்னார்கள் என்பதற்காக, தெருக்கோடி வீட்டு ஆண் நாயோடு சேர்த்து, எட்டுக் குட்டிகளை எட்டு வீட்டுக்குக் கொடுப்பவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார்கள். அந்தப் பெட்டைக்கும் அந்த ஆண் நாய்க்கும் முதலில் ஒரு படம் எடுத்துவிட்டால் எட்டு வீட்டுக்கு நன்மை.

எக்ஸ்ரேயைக் கையில் வாங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது எலும்பை அல்ல. அதை டாக்டர் பார்த்துக்கொள்வார். படத்தின் மூலையில் எடுத்த தேதியும், நாயின் மைக்ரோசிப் எண்ணும் பதிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். எண் இல்லாவிட்டால் அது எந்த நாயின் படம் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. எண் இருந்தால், தாய் நாயின் பிடரியருகே கருவியை வைத்து அதே எண்தானா என்று ஒத்துப் பார்க்க ஒரு நிமிஷம் போதும்.